போர்ன்வில் செங்கல் வீடுகள்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான்: பெரியப்பா, நேற்று அனுப்பிய படத்தில் இருப்பது பர்மிங்காமின் போர்ன்வில் பகுதியிலுள்ள ஆம்ஸ்ஹவுஸ். வருமானம் குறைந்த முதியவர்கள் குடியிருப்பதற்காக, சாக்லேட் ஆலையை நடத்திய கேட்பரி சகோதரர்கள் இருவருள் மூத்தவரான ரிச்சர்ட் கேட்பரி 1897இல் இதைக் கட்டுவித்தார். வடிவமைத்தவர் ஈவன் ஹார்ப்பர்.

சித்தி: முதியோர் இல்லம் என்றால் கட்டில்களை வரிசையாகப் போட்ட கூடம்தான் என் நினைவுக்கு வருகிறது. இது தனித்தனி வீடுகளாக அல்லவா தெரிகிறது?

நான்: வீடுகளேதான், சித்தி. மாடி இல்லாத 33 சிறு வீடுகள் முற்றத்துப் புல்வெளியைச் சுற்றி அமைந்திருக்கின்றன. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தை ஒட்டி எழுந்த ஒர்க்ஹவுஸ்களில், அதாவது ஏழைகளிடம் வேலை வாங்கிக்கொண்டு உணவும் இடமும் தந்த விடுதிகளில், வயதான கணவன் மனைவியைக்கூடப் பிரித்து வைப்பது வழக்கமாக இருந்தது. அரசின் முதியோர் ஓய்வூதியமோ 1909இல்தான் கைக்கு வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், தானே திறந்து தானே பூட்டிக்கொள்ளும் வாசற்கதவு ஒன்றை ஒவ்வொரு முதியவருக்கும் கொடுத்ததுதான் இந்தக் கட்டடத்தில் என்னை நெகிழ வைக்கிறது.

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செங்கற்களின் முனைகள் இன்னும் மழுங்கவில்லை. அக்காலச் சுவர்களில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் அந்த இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். பிற்காலத்தில் விவரம் தெரியாமல் சிமெண்ட் வைத்து அடைத்தால், ஈரம் உள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். இதையறிந்து பழுதுபார்க்கச் செலவாகுமே, பணத்துக்கு என்ன வழி?

நான்: கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதைப் போன்ற ஏற்பாடு, பெரியப்பா. அருகிலேயே 38 வீடுகளையும் கட்டி, அவற்றின் வாடகை இந்த இல்லத்தின் பராமரிப்புக்கே சேருமாறு செய்துவிட்டார். 1899இல் ஜெருசலேம் சென்றிருந்தபோது அவர் இறந்துவிட்டார். ஆனால் அறக்கட்டளை நின்றுவிடவில்லை.

சித்தி: அங்கே இருப்பவர்கள் ஒன்றும் தர வேண்டாமா?

நான்: ஆம்ஸ்ஹவுஸ்களில் பராமரிப்புக்கென ஒரு தொகை செலுத்துவார்கள், சித்தி. சட்டப்படி அது வாடகை ஆகாது.

பெரியப்பா: அடுத்த முறை போகும்போது சன்னலைச் சுற்றியுள்ள கல் வேலையையும் சாந்து இணைப்புகளையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு, அம்மா. வயதானவர்கள் குடியிருக்கும் இடம். அனுமதி கேட்டுக்கொண்டு எடு.