லைன் பார்க்க வரும் பிள்ளைகள் ஏன் திரும்ப வருவதில்லை?

கேள்வி: மாலை ஆட்டம்
ஜூனியர் டென்னிஸ் போட்டிகள் நடத்துகிறேன். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று லைன் பார்க்கவும் ஸ்கோர் எழுதவும் பள்ளிப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள், அடுத்த போட்டிக்குப் பலர் வருவதில்லை. போன தடவை ஒரு பெண் ‘அவுட்’ சொன்னதற்கு ஆட்டக்காரரின் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். பந்து அவுட்தான். அதற்கப்புறம் அவள் குரலே எழும்பவில்லை. டி-ஷர்ட், சான்றிதழ் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. வேறென்ன செய்யலாம்?

பதில்: பழைய அம்பயர்
டி-ஷர்ட்டுக்காக யார் வெயிலில் நிற்பார்கள்? அந்த அப்பாவிடம் உடனே போய்ப் பேசியிருக்க வேண்டியது, போட்டி முழுவதற்கும் பொறுப்பான ரெஃபரி. அதை அவள் கண்ணால் பார்த்திருந்தால் தைரியம் வந்திருக்கும். ஆட்டக்காரருக்குச் சந்தேகம் என்றால், உயர நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தும் சேர் அம்பயரிடம் கேட்கட்டும், லைனில் நிற்கும் பிள்ளையிடம் வாதாட அனுமதிக்காதீர்கள்.

புதிதாக வருபவர்களை சர்வீஸ் லைனில் (சர்வ் தாண்டக் கூடாத கோடு) போடாதீர்கள், வேகமான முதல் சர்வில் பந்து கண்ணுக்கே சிக்காது. கோர்ட்டின் பக்கவாட்டுக் கோடான சைடுலைன் கொடுங்கள். உள்ளே விழுந்தால் சத்தம் வேண்டாம், கோட்டை ஒட்டி விழுந்தால் உள்ளங்கைகளைத் தரைப் பக்கம் காட்டினால் போதும். ஆட்டக்காரர் மறைத்துவிட்டாரா? பார்க்க முடியவில்லை என்று காட்ட, இரு கைகளையும் கண்ணருகே கொண்டுபோகும் சைகையே இருக்கிறது. இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஊகித்துக் கத்துவதுதான் ஆபத்து.

பிள்ளை சொன்னதை சேர் அம்பயர் மாற்றி ஓவர்ரூல் செய்தால், ஆட்டம் முடிந்ததும் ஏன் என்று தனியாக விளக்கட்டும். அடுத்த ஆட்டத்திலும் அதே லைனிலேயே நிறுத்துங்கள். மாற்றினால் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பதில்: இடதுகை
என்னிடம் ஒரு பையன், “2025 விம்பிள்டனிலேயே லைன் அம்பயர் கிடையாது, கருவிதான் லைன் பார்த்தது, நான் எதற்கு இதைக் கற்கணும்?” என்கிறான். என்ன சொல்ல?

பதில்: பழைய அம்பயர்
அதே விம்பிள்டனில் பாவ்லியுசென்கோவா–கார்ட்டல் ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கருவி அணைந்திருந்ததால், வெளியே போன பந்துக்கு அறிவிப்பே வரவில்லை. சேர் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பாயிண்ட்டைத் திரும்ப ஆட வைத்தார். உங்கள் கோர்ட்டில் கருவியே இல்லை, சாமி! கேள்வி கேட்கிற அந்தப் பையனை சேர் அம்பயர் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்கோர் கார்டு எழுதவிடுங்கள்.

பதில்: மாலை ஆட்டம்
சரி, வரும் போட்டியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். முதலில் அவளுக்கு சைடுலைன். வேலியோரம் நான் நிற்கிறேன்.