கடலடி எரிமலையின் பழைய கதையைத் தோண்டாமல் எப்படிப் படிக்கிறார்கள்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். லட்சத்தீவுக்கு அடியில் இருப்பது பழைய எரிமலைத் தொடர் என்றதும், செங்கல் சூளைக்காரர் மகள் எழுந்து, "யாரு டீச்சர் உள்ள போய்ப் பார்த்தா?" என்றாள். காந்த ஆய்வு, ஈர்ப்பு ஆய்வு என்று பெயரைச் சொன்னேனே தவிர, விளக்க வரவில்லை. பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

புளியரை மாமா:
டீச்சர், அவள் வீட்டுச் சூளையிலிருந்தே தொடங்குங்கள். களிமண்ணிலும் எரிமலைக் குழம்பிலும் இரும்புத் துகள் உண்டு. அதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது 580 டிகிரிக்கு மேல் சூடானால் காந்தத்தை இழந்துவிடும். ஆறும்போது அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கமோ அதைப் பிடித்துக்கொள்ளும். பூமியின் காந்தமுனைகளோ பலமுறை தலைகீழாகியிருக்கின்றன. கடைசியாக ஏறத்தாழ 7,80,000 ஆண்டுக்கு முன். தலைகீழ்க் காந்தம் கொண்ட பாறை என்றால், பெரும்பாலும் அதற்கும் முந்தையது.

நான் ஆய்வுக் கப்பலில் வேலை பார்த்தவன். கப்பலே இரும்பு என்பதால் காந்தமானியைச் சில நூறு மீட்டர் பின்னால் கேபிளில் இழுத்துப் போவோம். ஈர்ப்புமானி கப்பலுக்குள்ளேயே இருக்கும். அது படிப்பது மில்லிகால் கணக்கு, அதாவது புவியீர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கப்பல் கிழக்கே போனால் எடை குறைந்தும் மேற்கே போனால் கூடியும் காட்டும், அதைக் கழித்தாக வேண்டும். கெட்டிப் பாறை அதிகம் இழுக்கும், சாம்பலும் நொறுங்கிய கல்லும் குறைவாக இழுக்கும்.

இரண்டும் சேர்ந்தால்தான் கதை வரும். இத்தாலிக்குப் பக்கத்தில் மார்சிலி என்று ஒரு கடலடி எரிமலை, கடலடியிலிருந்து 3,000 மீட்டர் உயரம். அதன் உச்சியில் அடர்த்தியும் குறைவு, காந்தமும் குறைவு. வெந்நீர் ஊடுருவி மேக்னடைட்டைச் சிதைத்து, பாறையின் அடர்த்தியையும் குறைத்திருக்கிறது என்று அதிலிருந்து கணித்தார்கள். ஈர்ப்பை மட்டும் பார்த்திருந்தால் வெறும் சாம்பல் குவியல் என்றுகூட நினைக்கலாம்.

வாளையாறு தம்பி:
மாமா சொன்னது சரி, ஆனால் வயதுக்குக் கல்லும் வேண்டும் டீச்சர். லட்சத்தீவுத் தொடர் தெற்கே மாலத்தீவு, சாகோஸ் தீவுகள் வரை நீள்கிறது; 1987இல் அந்தப் பக்கம் கடலடியில் துளையிட்டார்கள். வடக்கே பழைய பாறை, தெற்கே இளையது. இன்றும் எரிமலை குமுறும் ரீயூனியன் தீவு வரை அந்த எரிமலைத் தடம் போகிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இன்று வகுப்பில் சொன்னேன். உடனே அவள், "சூளையிலிருந்து எடுத்த செங்கலைத் திருப்பி வச்சா, அதோட வடக்கும் திரும்பிடுமே டீச்சர்?" என்றாள்.

புளியரை மாமா:
திரும்பிவிடும்! அதனால்தான் கடலடியில் வாரி எடுத்த உதிரிக் கல்லை வைத்துத் திசை சொல்ல மாட்டோம். அந்தப் பிள்ளையை நிலவியல் படிக்க வையுங்கள் டீச்சர்.