அம்மம்மா வீட்டுப் பிள்ளையள் (வாட்ஸ்அப் குழு)

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். அம்மான்ர ஆண்டுத்திவசம் வாற வெள்ளி. ஐயர் 10 மணிக்கு முதல் தொடங்கோணும் எண்டவர். கிளிநொச்சியில இருந்து ஆர் ஆர் வாறியள், எதில வாறியள் எண்டு இப்பவே சொல்லுங்கோ. அரிசி கணக்குப் பாக்கோணும்

ரமணன்: நாங்கள் 5 பேர் மாமி. என்ர ஜீப்பில வாறம்

சுதன்: ஜீப்பாம் 😂

சுதன்: ஹொண்டா வெசல் கார் மச்சான் அது

ரமணன்: 4 சில்லும் இழுக்கும்டா. ஜப்பானில பனிக்குள்ள ஓடின வாகனம்

பெரியண்ணை: நான் அதில வரேல்லை.

செல்வி: ஏனண்ணை?

பெரியண்ணை: பஸ்ஸில வாறன்.

பெரியண்ணை: 🎤 குரல் செய்தி (1:52)

தேவி: நான் வேலையில. கேட்ட ஆக்கள் சொல்லுங்கோ

தர்ஷி: சித்தி, முந்தநாள் மழைக்குள்ள முறிகண்டிக்குக் கிட்ட மாடு குறுக்க வந்ததாம். ரமணத்தான் பிரேக் அடிக்க வாகனம் நிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிட்டுதாம். மாடு தப்பீட்டுது. பெரிய மாமா இறங்கி நடந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு, அங்கயிருந்து பஸ் ஏறினவராம்

தேவி: 😳

சுதன்: கச்சான் வாங்கினவரோ

பெரியண்ணை: வாங்கினனான்.

சின்னராசா (மொன்றியல்): ரமணன், ரயரைப் படம் எடுத்துப் போடு. பக்கத்தில எழுதியிருக்கிறதெல்லாம் வடிவாத் தெரியோணும்.

ரமணன்: 📷 3 படங்கள்

செல்வி: மலை மாதிரிக் கிடக்கு நடுவில பூவும். கைலாயமோ ராசா 🙏

சின்னராசா (மொன்றியல்): கைலாயம் இல்லையக்கா. மூண்டு முகடு வைச்ச மலை, நடுவில பனிப்பூ. உந்தக் குறி இருந்தா அது விண்டர் ரயர், பனியில ஓட்டிச் சோதிச்சுக் குடுக்கிற குறி. எம் பிளஸ் எஸ் எண்டு மட்டும் கிடந்தா அது சேத்துக்கும் பனிக்கும் ஏலும் எண்டு கொம்பனி தானாச் சொல்லுறது, சோதினை ஒண்டும் இல்லை. ரமணன்ர ரயரில ஸ்டட்லெஸ் எண்டும் போட்டிருக்கு. முந்தி ஜப்பானில ரயருக்கு ஆணி அடிச்சுத்தான் ஐசில ஓடினவங்கள். ஆணி தாரை அரைச்சு ஊரெல்லாம் தூசி. 1990 இல சட்டம் போட்டு நிப்பாட்டிப்போட்டாங்கள். அதுக்குப் பிறகு ஆணியில்லாத இந்த ரயர்தான். உன்ர வாகனம் ஹொக்கைடோ மாதிரிப் பனி கொட்டுற இடத்தில ஓடியிருக்கு. ஏலத்தில எடுத்தவன் ரயர் மாத்தாமல் அப்பிடியே கப்பலில ஏத்திப்போட்டான்.

ரமணன்: வித்தவர் சொன்னவர் மாரிக்கு இதுதான் திறம் எண்டு

சுதன்: 🤦🏽

ரமணன்: வெட்டு ஆழமாத்தானே கிடக்கு சித்தப்பா. புதுசு மாதிரி

சின்னராசா (மொன்றியல்): வெட்டில பிழை இல்லை, ரப்பரிலதான். குளிர் 7 டிகிரிக்குக் கீழ போனா சாதாரண ரயர் இறுகி றோட்டைப் பிடியாது. அதுக்காக விண்டர் ரயருக்கு மெத்தின ரப்பர். இங்க மைனஸ் 20 இலையும் அது இளக்கமா நிக்கும். அதைக் கொண்டுபோய் வன்னிச் சூட்டில ஓடினா என்ன நடக்கும்? படத்தைப் பெருப்பிச்சுப் பார், ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலயும் பிளேட்டால கீறினது மாதிரிக் கீறல். ஐசில அந்த விளிம்புகள் பிடிக்கும். சூடான தாரில பிரேக் அடிச்சா அந்தக் கட்டையள் ஆடும், வாகனம் நிக்கத் தூரம் எடுக்கும். மழையெண்டாலும் அந்த ரப்பர்தானே. தேய்வும் கெதியா.

சின்னராசா (மொன்றியல்): இன்னொண்டு. ஐஸ் வழுக்கிறதுக்கு மேல கிடக்கிற மெல்லிய தண்ணிதான் காரணம். சில கொம்பனியள் ரப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளை வைச்சு அந்தத் தண்ணியை எடுக்கிறவங்கள்.

ரமணன்: அப்ப மழைத்தண்ணியையும் எடுக்கும்தானே

சுதன்: ஓம் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தா நீ போய் நில்

தேவி: சின்னண்ணை வேலைக்குப் போகேல்லையோ?

சின்னராசா (மொன்றியல்): வெளிக்கிடுறன். இங்க கியூபெக்கில டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் ரயர் இல்லாமல் ஓடினா தண்டம். இங்க நல்ல இறுக்கம்.

தேவி: இங்க ஜேர்மனியில ரோட்டில பனியோ ஐசோ இருந்தா கட்டாயம். இல்லாட்டி 60 ஈரோ தண்டமும் ஒரு குற்றப்புள்ளியும். 2024 ஒக்டோபருக்குப் பிறகு அந்த மலைக்குறி இல்லாத ரயரை விண்டர் ரயரா எடுக்கிறேல்லை

சின்னராசா (மொன்றியல்): திகதி இல்லைத்தானே. பனி கொட்டினாப் பிறகு போய் மாத்திறதோ?

தேவி: ஒக்டோபரில இருந்து ஈஸ்டர் வரை எண்டு சனத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. கனடாவில ஒண்டாரியோக்காரருக்குக் கட்டாயமே இல்லை, இன்சூரன்ஸ் குறையும் எண்டுதான் போடுறவை

சின்னராசா (மொன்றியல்): நான் கியூபெக்கைச் சொன்னனான்.

செல்வி: வடைக்கு உழுந்து எவ்வளவு போட?

தர்ஷி: அம்மா கொஞ்சம் பொறுங்கோ

செல்வி: ஏன் பொறுக்க. உழுந்து நனையப்போட ரயர் வேணுமோ

சுதன்: மச்சான் டொட் எண்டு எழுதியிருக்கிறதுக்குப் பின்னால கடைசி 4 இலக்கத்தைப் பார்

ரமணன்: இருட்டீட்டுது. ரோச் அடிச்சுப் பாக்கிறன்

ரமணன்: 📷 படம்

ரமணன்: 3817

சுதன்: 2017 ஆம் ஆண்டு 38 ஆவது கிழமை செய்தது. புதுசாம் 😂😂

ரமணன்: 😐

சுதன்: தாரை விடு. அம்மா வீட்டு ஒழுங்கை இப்ப முழுக்கக் களி. காலமை தண்ணி பவுசர் புதைஞ்சு நாங்கள் 6 பேர் தள்ளினது

ரமணன்: பனிக்குள்ள போற ரயர் சேத்துக்குள்ள போகாதோ

சின்னராசா (மொன்றியல்): போகாது. பனி பனியோட ஒட்டும். வெட்டுக்குள்ள பனி நிரம்பினா பிடி கூடும், அதுக்குத்தான் அந்த வெட்டு. களி அப்பிடியில்லை. வெட்டுக்குள்ள ஏறி இருந்திட்டுதெண்டா சில்லு நிண்ட இடத்தில சுத்தும். சேத்து ரயரைப் பார், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில நல்ல இடைவெளி விட்டிருக்கும், சுத்தச் சுத்த மண்ணை வெளிய எறியும்.

சுதன்: உழுற லாண்ட்மாஸ்ரர் ரயர் மாதிரி

பெரியண்ணை: லாண்ட்மாஸ்ரரை வித்துப்போட்டு இதை வாங்கினவனைக் கேள்.

ரமணன்: அப்பா குழுவில வேண்டாம்

பெரியண்ணை: வேற எங்க சொல்லுறது. வீட்டில நீ போனும் கையுமா இருக்கிறாய். இந்தக் காலபோகத்துக்கு ஊரானுக்குக் காசு குடுத்து உழுதனான்.

தர்ஷி: மாமா 🙏

பெரியண்ணை: ஐயான்ர ஒஸ்ரின் சோமசெற் கார் மண்ணெண்ணெயில ஓடினது. ரயர் நாலும் மொட்டை. வட்டக்கச்சியில இருந்து முள்ளியவளைக்கு அம்மாவை எத்தினை தரம் ஏத்தினவர். ஒரு மாட்டிலயும் முட்டேல்லை.

சுதன்: அது 20 இல தானே ஓடும் மாமா

பெரியண்ணை: அதைத்தான் நானும் சொல்லுறன்.

ரமணன்: சரி நாளைக்கு டிப்போச் சந்தியில கேக்கிறன். முன்னுக்கு ரெண்டும் இப்ப மாத்துவம். மற்றது தை மாதம். லீசிங்கும் கட்டோணும்

சின்னராசா (மொன்றியல்): ரெண்டு மாத்தாத!!! மாத்தினா நாலும், இல்லாட்டி கிடந்தபடி கிடக்கட்டும். முன்னுக்கு நல்ல பிடி, பின்னுக்கு உந்த மெத்தின ரயர் எண்டா வளைவில முன் பக்கம் திரும்பும், பின் பக்கம் தன்ர பாட்டில வெளிய போகும். இங்க முதல் பனிக்கு வாய்க்காலுக்குள்ள கிடக்கிற காருகளில சிலது உந்தச் சோடிக் கேஸ்தான். அதோட உன்ர நாலு சில்லும் இழுக்கிறது. தேய்ஞ்சதும் புதுசும் கலந்தா சுத்தளவு வித்தியாசம் வரும், உள்ளுக்க கியர் பக்கத்துக்குத்தான் சேதம். ரயரைவிட அதுக்குத்தான் காசு.

தேவி: அப்ப நீங்களே நாலையும் வாங்கிக் குடுங்கோவன்

சின்னராசா (மொன்றியல்): என்ர பழைய சமர் ரயர் நாலு சும்மா கிடக்கு. கராச்சில இடத்தை அடைச்சுக்கொண்டு. கொண்டெய்னரில போட்டா

சுதன்: சைஸ் என்ன மாமா?

சின்னராசா (மொன்றியல்): 235/65 ஆர் 17

சுதன்: வெசலுக்கு 215/60 ஆர் 16. கராச்சிலயே கிடக்கட்டும்

தேவி: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

சின்னராசா (மொன்றியல்): வாசிச்சிட்டன் தேவி.

சின்னராசா (மொன்றியல்): "அம்மான்ர செத்தவீட்டுக்கு ஆள் வரேல்லை, ரயர் வருகுதாம்." நல்லாச் சொன்னாய். எல்லாரும் வாசிக்கட்டும்.

தேவி: பகிடிக்கு எழுதினனான்

சின்னராசா (மொன்றியல்): ஏன் வரேல்லை எண்டு அக்காவுக்குத் தெரியும்.

செல்வி: தெரியும் ராசா. இப்ப அந்தக் கதை வேண்டாம். வெள்ளிக்கிழமை வீடியோ போடுவன், ரெண்டு பேரும் நித்திரை கொள்ளாமல் இருந்து பாருங்கோ. உழுந்து ஒரு கிலோ போடுறன்

தர்ஷி: ஒரு கிலோ காணாதம்மா. அயலட்டையும் வரும்

பெரியண்ணை: 🖼️ (பல தடவை அனுப்பப்பட்டது) வற்றாப்பளை அம்மன் துணை. இனிய காலை வணக்கம்.

சுதன்: மாமா இப்ப இரவு ஏழரை

பெரியண்ணை: கனடாவுக்குப் போட்டனான்.

தர்ஷி: 😂😂

தர்ஷி: ரமணத்தான் பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கத்தால வராதேங்கோ. வட்டுவாகல் பாலத்துக்கு மேலால தண்ணி போகுதெண்டு சொல்லுகினம். மாங்குளத்தால திரும்பி ஒட்டுசுட்டானால வாங்கோ. விடிஞ்சாப் பிறகு வெளிக்கிடுங்கோ, அந்தப் பக்கம் யானை

ரமணன்: ம். முறிகண்டியாலதான் வரோணும் அப்ப

சுதன்: மாடு பாத்துக்கொண்டு நிக்கும்

சின்னராசா (மொன்றியல்): ரமணன், ரயர் மாத்தாமல் ஓடுறதெண்டா 50 க்கு மேல போகாத, முன்னால போற வாகனத்துக்கு நல்லா இடம் விடு. காத்து பார். ஓடினாப்போல பாக்கிறேல்லை, காலமை ரயர் குளிர்ந்து கிடக்கேக்க. டிரைவர் கதவைத் திறந்தா நிலையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஜப்பான் வாகனம், கிலோபாஸ்கலில போட்டிருக்கும். 230 எண்டா 33 பிஎஸ்ஐ கணக்கு. கடைப் பெடியன் கண்மதிப்பில அடிக்க விடாத.

ரமணன்: சரி சித்தப்பா

ரமணன்: இந்தப் பழசை ஆர் வாங்குவாங்கள்?

சுதன்: மாட்டுவண்டிலுக்குப் போடலாம். மாடு பிரேக் அடிக்காது

பெரியண்ணை: விக்காத. லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டிக்குப் போடலாம்.

ரமணன்: பெட்டியையும்தானே வித்தனாங்கள் அப்பா

பெரியண்ணை: ஓ. அதுவும் போட்டுதோ.

சுதன்: சந்தியில நிக்கிற ஹயஸ் வானைக் கேக்கட்டோ? எல்லாரும் ஒண்டா வந்திடலாம். பெரிய மாமாவும் ஏறுவார்

செல்வி: அதுதான் நல்லம்

ரமணன்: வாகனம் வாசலில நிக்க வாடகைக்குப் பிடிக்கிறதோ மாமி. சனம் என்ன சொல்லும்

தேவி: மாடு ஒண்டும் சொல்லாது

சின்னராசா (மொன்றியல்): ஹயஸ் காசை நான் போடுறன். இல்லாட்டி ரயர்க் காசில பாதி.

ரமணன்: எது சித்தப்பா?

சின்னராசா (மொன்றியல்): வேலைக்கு வந்திட்டன். பின்னேரம் கதைக்கிறன்.

தேவி: மற்றப் பாதி நான் போடுறன். சின்னண்ணை போட்டா

ரமணன்: அப்ப ரயரோ ஹயசோ

சுதன்: ஹயஸ்காரன் போன் எடுக்கிறானில்லை. காலமை நேர போய்ப் பாக்கிறன்

செல்வி: ஒரு முடிவைச் சொல்லுங்கோ. வெள்ளி காலமை ஐயரையும் வீட்டில போய் ஏத்தோணும், அவற்ற மோட்டச்சைக்கிள் கராச்சில

ரமணன்: நான் ஏத்திறன் மாமி

பெரியண்ணை: ஐயருக்கு முதலே சொல்லிப்போட்டு ஏத்து.