தூண்டில் போட்டிக்கு ஸ்பான்சர் யாரிடம், எப்படிக் கேட்பது?

ஒற்றியூர் கொடுவா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 17, பிளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் சேரக் காத்திருக்கிறேன். வீடு திருவொற்றியூர் குப்பத்தில், அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சின்ன வயதில் கம்பில்லாமல் கையாலேயே வீசும் நரம்பில் கிழங்கான் பிடித்து ஆரம்பித்தேன், இப்போது ராட், ரீல், லூர் எனும் செயற்கை இரை என்று ஆகிவிட்டது. எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில் பாரையும் சீலாவும், எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவா, ஏரிகளில் விரால் பிடிப்பேன். பிடித்து, அளந்து, உயிரோடு திருப்பி விடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். போன வருடம் வெளியூர்ப் போட்டி ஒன்றில் ஜூனியர் பிரிவில் இரண்டாம் இடம் கிடைத்தது.

பிரச்சனை பணம்தான். நுழைவுக் கட்டணம், ரயில், தங்குவது, அறுந்து போகும் லூர் எல்லாம் சேர்த்தால் வீட்டில் கேட்கவே மனசு வரவில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் அப்பா கடலுக்குப் போக முடியாது, எனக்கு லீவு கிடைத்துப் போட்டிக்குப் போக முடிகிற நேரமும் அதுதான். பெரிய ரீல் கம்பெனிகளுக்கு இன்ஸ்டாவில் மெசேஜ் போட்டேன், பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் "எங்கள் அம்பாசடராகச் சேர 3,500 ரூபாய் கட்டு, டீ-ஷர்ட்டும் தள்ளுபடியும் தருவோம்" என்றார்கள். அமெரிக்காவில் என் வயதுப் பையன்கள் சட்டை முழுக்க லோகோவோடு நிற்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? இன்னொன்று, எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இந்தப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார், கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பாரிமுனைக் கடை:

தம்பி, முதலில் அந்த 3,500 ரூபாயைக் கட்டாதே. ஸ்பான்சர் என்றால் அவர்கள் உனக்குத் தர வேண்டும், நீ அவர்களுக்குக் கட்டினால் நீ வெறும் வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

நான் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவன், அதனால் கடைக்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வாரத்துக்கு எத்தனையோ மெசேஜ் வரும், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: "ப்ரோ நான் நல்லா மீன் பிடிப்பேன், ஸ்பான்சர் பண்ணுங்க", கூடவே பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த நாலு படம். மீன் பிடிப்பவர்களை எனக்குத் தெரியாதா, காசிமேட்டில் விடியற்காலை போய் நின்றால் இந்த ஊரில் எவரும் பிடிக்காத மீனெல்லாம் தரையில் கிடக்கும். நீ பிடித்த மீனால் என் கடையில் ஒரு லூர் கூட விற்காது. அந்த மீனைப் பார்த்த ஒருவன் என் கடைக்கு வந்து "முகத்துவாரத்தில் அந்தப் பையன் போட்ட லூர் எது அண்ணா" என்று கேட்டால்தான் விற்கும். அப்படிக் கேட்டு நாலு பேர் வந்துவிட்டார்கள் என்றால், நீ கேட்பதற்கு முன்னால் நானே உன்னைத் தேடுவேன்.

அதனால் பெரிய ரீல் கம்பெனிகளுக்கு எழுதுவதை இப்போதைக்கு விடு. அவர்கள் பொருளை இங்கே இறக்கி விற்கும் டீலர், அவருக்குக் கீழே என்னைப் போன்ற கடைகள், உள்ளூரில் லூர் செய்து விற்கும் ஆட்கள், இவர்களிடம் போ. நேரில் போ. பணமாகக் கேட்காதே, சாமானாகக் கேள், அதுவும் சின்னதாக. பணம் கொடுக்க நான் பத்து முறை யோசிப்பேன், ஒரு ஸ்பூல் பிரெய்டு நரம்பும் ரெண்டு லூரும் கொடுக்க அவ்வளவு யோசிக்க மாட்டேன்.

உன்னிடம் ஒரு பெரிய சரக்கு இருக்கிறது, அது உனக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நீ மீன் பிடிப்பது உப்புத் தண்ணீரில். யூடியூபில் ரீலை டப்பாவிலிருந்து பிரித்துக் காட்டுகிறவர்கள் ஏராளம். அதே ரீலைத் தூண்டில் வளைவுக் கல்லில் நின்று, அலைத் தண்ணீர் மேலே அடிக்க அடிக்க ஒரு சீசன் சுற்றிவிட்டு, லைன் ரோலர் பேரிங் எப்போது கரகரக்க ஆரம்பித்தது, டிராக் வாஷர் என்ன நிலையில் இருக்கிறது, தினமும் நல்ல தண்ணீரில் கழுவினால் என்ன, கழுவாவிட்டால் என்ன என்று கழற்றி மேசையில் பரப்பிக் காட்டுகிறவர்கள் மிகக் குறைவு. இந்தக் கரையில் 1,500 ரூபாய் ரீல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும். இப்போது உன் கையில் இருக்கிற ரீலை வைத்தே செய்யலாம், எவனுடைய அனுமதியும் வேண்டாம்.

பெரம்பூர் விரால்:

மேலே அண்ணன் சொன்னது சரி. போட்டிக்காரனாக நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அமெரிக்கா பற்றிக் கேட்டாய். அங்கே இது அரை நூற்றாண்டுக்கு மேலான தொழில். பாஸ் மீன் பிடிக்கும் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கின் முதல் போட்டி 1971-ல் லேக் மீட் ஏரியில் நடந்தது, முதல் பரிசே 10,000 டாலர். பள்ளி அளவிலேயே கிளப் வைத்துப் பையன்களைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள், ஒவ்வொரு ஊரிலும் படகு விற்பவன், எஞ்சின் விற்பவன், லூர் விற்பவன் இருக்கிறான், அதனால் லோகோவுக்கு ஆள் கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் சட்டையில் லோகோ உள்ளவர்கள் எல்லாருக்கும் சம்பளம் வருவதில்லை தம்பி. 'புரோ ஸ்டாஃப்' என்று சொல்லிக்கொள்பவர்களில் நிறைய பேருக்குக் கிடைப்பது தள்ளுபடி மட்டும்தான், மேல்மட்டப் போட்டிகளில் நுழைவுக் கட்டணமே பல ஆயிரம் டாலர், அதைச் சொந்தப் பணத்தில் கட்டிவிட்டு வேலைக்கும் போகிறார்கள். அந்தச் சட்டையைப் பார்த்து மனசு உடையாதே.

உன் பக்கத்தில் செய்ய வேண்டியது, பிடித்ததைக் கணக்காக வைப்பது. மீனைத் தூக்கிப் பிடித்த படத்துக்கு மதிப்பே இல்லை, கையை நீட்டிப் பிடித்தால் அரைக் கிலோ விராலும் ரெண்டு கிலோ மாதிரித் தெரியும். அளவுப் பலகையில் வை, வாய் மூடி முனைப் பலகையைத் தொட்டிருக்க வேண்டும், வால் நுனி கோட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டு. பலகையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள், வெயிலில் காய்ந்த பலகையில் வைத்தால் மீனின் மேல் வழுவழுப்பு உரிந்துவிடும், அப்புறம் திருப்பி விட்டும் பயனில்லை. பலகையில் கிடக்கும் மீன், திரும்ப நீந்திப் போகும் சின்ன வீடியோ, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு. ஒவ்வொரு மீனுக்கும் இப்படி வைத்துக்கொண்டு வா, அலை ஏற்றமா வற்றமா, எந்த லூர், எந்த நேரம் என்று ஒரு வரியும் எழுது. அதோடு மீன் கிடைக்காத நாளையும் எழுது, அதைப் பார்த்தால்தான் இவன் புளுகவில்லை என்று படிக்கிறவனுக்கு நம்பிக்கை வரும்.

படம் எடுக்கும் இடத்திலும் கவனம். துறைமுக எல்லைக்குள், புழல் மாதிரிக் குடிநீர் ஏரியில், பழவேற்காட்டில் சரணாலயப் பகுதிக்குள் நின்று எடுத்த படத்தை ஒழுங்கான கம்பெனி தொடாது. ஒரே ஒரு படம் போதும், உன்னை ஒதுக்கி வைக்க.

காட்டுக்குப்பம் அக்கா:

தம்பி, மற்ற விஷயம் அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். நான் உன் அம்மா பக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்ததை நீயும் பார்த்திருப்பாய். எங்கள் வீட்டு வலையும் ஃபைபர் படகும் கறுப்பாகி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. எங்கள் ஆட்கள் டப்பாவாலும் பக்கெட்டாலும் எண்ணெயை அள்ளினார்கள். அது முடிவதற்குள் அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து நடுராத்திரியில் ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அனல்மின் நிலையச் சாம்பல் பிரச்சனை அதற்கெல்லாம் முன்னாலிருந்தே இருக்கிறது, ஆற்றில் ஆழமே போய்விட்டது என்று எங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். இறாலும் மடவையும் முன்பு எப்படிக் கிடைத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேள்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகத்துவாரத்து மீனோடு நீ நிற்கிற படத்தில், ஆற்றங்கரையில் இருக்கிற கம்பெனியின் பெயர் உன் நெஞ்சில் இருந்தால், அந்தப் படம் யாருக்கு உதவும் என்று யோசி. "பாருங்கள், ஆறு நன்றாக இருக்கிறது, எங்கள் பையன் கொடுவா பிடிக்கிறான்" என்று அவர்கள் காட்டுவார்கள். நாளைக்குத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் நீ படம் எடுத்துப் போட முடியுமா? நீ எழுதுகிற மீன் பதிவில், அந்த அண்ணன் சொன்ன மாதிரி, இன்று தண்ணீர் நிறம் எப்படி, வாசனை எப்படி என்று ஒரு வரி எழுத வேண்டும், இந்த ஆற்றுக்கு அப்படி எழுதுகிற ஆள் வேண்டும். அந்த வரியை எழுத முடியாதபடி யாரிடமும் காசு வாங்காதே.

வண்ணை கணக்கர்:

அந்த அக்காவின் காரணம் ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டப்படியும் அந்த வழி சரிவராது தம்பி. கம்பெனிச் சட்டம் 2013-ன் ஏழாம் அட்டவணையில் விளையாட்டு என்று இருப்பது கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி. 2021-ல் திருத்திய விதிகளின்படி, தங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்கில் வராது. லோகோ போட்ட சட்டை என்றாலே விளம்பரம்தான். ஆக, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நீ பேச வேண்டியது மார்க்கெட்டிங் ஆட்களோடு.

உனக்கு 18 ஆகவில்லை, நீயாகக் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்பாவோ அம்மாவோ பாதுகாவலராகக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் படித்துப் புரிந்துகொண்ட பிறகு. சின்ன ஏற்பாடாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கு: அவர்கள் என்ன தருகிறார்கள், நீ என்ன செய்ய வேண்டும், எத்தனை மாதம், உன் படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம். "வேறு கம்பெனிப் பொருளைத் தொடவே கூடாது" என்ற வரி இருந்தால் இரண்டு லூருக்காக அதை ஒத்துக்கொள்ளாதே.

இலவசமாகச் சாமான் வாங்கிக்கொண்டு அதைப் பற்றி வீடியோ போட்டால், பணமே வாங்காவிட்டாலும் அது விளம்பரம்தான், அப்படி என்று அந்த வீடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ் வீடியோ என்றால் தமிழிலேயே சொல், கீழே கமென்ட்டில் ஒளித்து வைக்காதே. ஒரு கம்பெனி ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளாகக் கொடுத்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் வரும், 2022 ஜூலையிலிருந்து இது நடைமுறை. திருப்பிக் கொடுத்துவிடும் பொருளுக்கு இது இல்லை, சின்னக் கடைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தாது. இருந்தாலும் பான் கார்டு எடுத்து வைத்துக்கொள், 18 ஆகாதவர்களுக்கும் பெற்றோர் மூலம் கிடைக்கும்.

ஒற்றியூர் கொடுவா:

அக்கா, அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. தொழிற்சாலை வேண்டாம் என்று சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். ஒரு மெசேஜ் எழுதியிருக்கிறேன், இது சரியா என்று பாருங்கள்:

"வணக்கம். நான் திருவொற்றியூரில் இருக்கிறேன், வயது 17. எண்ணூர் முகத்துவாரத்திலும் கரையிலும் லூர் மீன்பிடிப்பு செய்கிறேன், போட்டிகளுக்கும் போகிறேன். நான் பிடித்து விட்ட மீன்களின் அளவுப் பதிவு இணைப்பில் இருக்கிறது. உங்கள் கடையின் மிதக்கும் மின்னோ லூர் இரண்டை உப்புத் தண்ணீரில் மூன்று மாதம் பயன்படுத்தி, தூண்டில் முள் துருப்பிடிப்பது, பெயின்ட் உரிவது உட்பட நல்லது கெட்டது இரண்டையும் தமிழில் வீடியோவாகப் போடுகிறேன். உங்கள் கடையில் வாங்கியது என்று சொல்வேன். சனிக்கிழமை நேரில் வந்து பேசலாமா?"

பாரிமுனைக் கடை:

இது போதும், ஒரு வார்த்தையும் சேர்க்காதே. "நல்லது கெட்டது இரண்டையும்" என்று எழுதியதைப் பயந்துபோய் எடுத்துவிடாதே, அதைப் படித்து ஓடுகிற கடைக்காரன் உனக்கு வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்கும், காலை கடை திறந்ததும் வா. பழைய ரீலையும் எடுத்துக்கொண்டு வா, லைன் ரோலரைக் கழற்றிப் பார்ப்போம். அப்பாவுக்கு முடிந்தால் அவரையும் கூட்டி வா தம்பி.

பெரம்பூர் விரால்:

அளவுப் பலகை இல்லையென்றால் சொல், என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அண்ணன் கடையில் வெள்ளிக்கிழமையே கொடுத்து வைக்கிறேன்.