உள்ளே என்ன மருந்து என்று தெரியாத ஊசியைப் போடலாமா?

மாலதி (இங்கிலாந்து):
நான் பாராமெடிக் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இதயம் நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வழியாகவே நடத்தப்படும் ஆய்வுகளைப் பற்றிக் கேட்டால், மூத்தவர்கள் பலரும் “ஆய்வு தேவைதான், ஆனால் என் கையால் வேண்டாம்” என்கிறார்கள். பங்கேற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா?

சேகர்:
நின்ற இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கக் கொடுக்கப்படும் அட்ரினலின் மருந்தைச் சோதித்த ‘பாராமெடிக்-2’ ஆய்வில் நான் இருந்தேன். 2014 டிசம்பர் முதல் 2017 அக்டோபர் வரை, ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகளில் 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அட்ரினலின் அல்லது வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டது. பெட்டியில் எண் மட்டுமே இருக்கும். ஊசிகளைப் பார்த்து வேறுபாடு காண முடியாது. முதல் பெட்டியைப் பிரித்தபோது, சோபாவை ஒதுக்கிவிட்டுத் தரையில் கிடத்தியிருந்தவரின் மனைவி, “மருந்து கொடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டார். “கொடுத்துவிட்டோம்” என்றேன், அந்தப் பதில் உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நினைவிழந்தவரிடம் முன்கூட்டி ஒப்புதல் பெற வழியில்லாததால், பிழைத்தவர்களிடம் பின்னரே கேட்கப்பட்டது; இந்த ஏற்பாடுதான் எங்களில் பலரை உறுத்தியது.

2018-இல் முடிவு வந்தது. முப்பது நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் அட்ரினலின் பிரிவில் 3.2 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 2.4. ஆனால் பிழைத்தவர்களுள் கடுமையான நரம்பியல் பாதிப்புக்கு உள்ளானவர்கள் முறையே 31, 17.8 சதவீதம். நோயாளிக்கு உரிய மருந்தைப் பறிக்கிறோமோ என்று தவித்த எனக்கு, அந்த மருந்தைப் பற்றி நான் நம்பியிருந்ததே அரைகுறை என்று அன்றுதான் புரிந்தது.

கண்ணன்:
‘ஏர்வேஸ்-2’ ஆய்வில் சிக்கல் வேறு. அதில் எந்த முறை என்று முடிவுசெய்யும் குலுக்கல் நோயாளிக்கு இல்லை, பாராமெடிக்குக்கு: ஒரு பிரிவினர் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டும், மறுபிரிவினர் ஐ-ஜெல் (மூச்சுக்குழாய்க்குள் போகாமல் அதன் வாயில் பொருந்தும் கருவி) வைக்க வேண்டும். ஐ-ஜெல் பிரிவில் விழுந்த என் நண்பர், பாடுபட்டுக் கற்ற கைத்திறன் துருப்பிடித்துவிடும் என்று புலம்பினார். நோயாளியின் நலன் என்று நாம் சொல்லும் தயக்கத்தில் தொழில் பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். 9,000-க்கும் அதிகமானோரைச் சேர்த்த அந்த ஆய்வில், இரு முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

ரேவதி:
தயக்கத்துக்கு விலையும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே அட்ரினலின் கேள்விக்காக ஏறத்தாழ 5,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு, எதிர்ப்பினாலும் பிற சேவைகள் சேராததாலும், 2011-இல் 534 பேரோடு வெளிவந்தது; விடை கிடைக்க மேலும் ஏழாண்டு ஆயிற்று. ஆனாலும் எல்லாப் பழியையும் ஊழியர் தலையில் போட முடியாது, மாலதி. நான் பங்கேற்ற ஒரு சிறிய ஆய்வில், பயிற்சியை ஓய்வு நாளில் முடித்தோம், ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் கூடுதல் படிவம் நிரப்பினோம். முடிவு என்னவென்று எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. சேருமுன் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.