பிள்ளையை இழந்த தாய்க்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

நண்பர்களே, ஒரு சொல்லுக்காக மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்துக்காக பேரண்ட்ஸ் சர்க்கிள் பற்றி எழுதுகிறேன், 1995-ல் தொடங்கிய அமைப்பு, மோதலில் உறவைப் பறிகொடுத்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. அதில் ராபி டேமெலின் என்ற இஸ்ரேலிய அம்மா. மகன் டேவிட் 2002-ல் மேற்குக் கரைச் சோதனைச் சாவடியில் சுடப்பட்டு இறந்தபோது, செய்தி சொல்ல வந்த ராணுவத்தாரிடம், என் பிள்ளையின் பேரால் யாரையும் கொல்லக்கூடாது என்றாராம். பிறகு சுட்டவனின் பெற்றோருக்குக் கடிதமும் எழுதினார்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். இப்படிப்பட்ட தாய்க்கு ஹீப்ருவில் ஷகூலா, அரபியில் தக்லா, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நம்மிடம் விதவை இருக்கிறது, அநாதை இருக்கிறது, இவளுக்கு? புத்திரசோகம் என்பது துக்கத்தின் பேர், ஆளின் பேர் இல்லையே. வட்டார வழக்கிலோ ஒப்பாரியிலோ ஏதாவது சொல் கேட்டிருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், பாலஸ்தீன அம்மாக்கள் பேசியதோ எழுதியதோ தமிழில் வந்திருந்தால் அதுவும் வேண்டும். எனக்குச் சிக்குவதெல்லாம் இஸ்ரேல் பக்கக் குரல்கள்தான், அதை மட்டும் வைத்து எழுதினால் கட்டுரை நொண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும்.