சைக் புரொஃபைலைத் திறந்துட்டு "உதவியே இல்லாம முடிச்சேன்"னு சொல்லலாமா?

கிளிக்வேந்தன்: இரவுப்பூனை நேத்து எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. 1995-ல வந்த 'ஐ ஹேவ் நோ மவுத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்கிரீம்' கேமை, அதாங்க, ஏ.எம்-ங்கிற கம்ப்யூட்டர் அஞ்சு பேரை 109 வருஷமா சித்ரவதை பண்ற அந்தக் கேமை, எந்த உதவியும் இல்லாம முடிச்சாராம். அடுத்த வரியிலயே "சைக் புரொஃபைலை அப்பப்போ பார்த்துக்கிட்டேன்"னு இருக்கு. அப்போ அது என்ன?

இரவுப்பூனை: கேமுக்குள்ளயே இருக்கிற குறிப்புப் புத்தகம்ங்க அது. நான் ஒண்ணும் எப்படி முடிக்கிறதுன்னு காட்டுற வாக்த்ரூ வீடியோ ஓடவிட்டு விளையாடல.

கிளிக்வேந்தன்: அந்தப் புத்தகத்துல குறிப்பு பார்த்தா, கதாபாத்திரத்தோட மனநிலையைக் காட்டுற ஸ்பிரிச்சுவல் பாரோமீட்டர் இறங்கும். தப்புன்னு கேமே தண்டிக்குது. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தியான எலன் மஞ்சள் நிறத்தைக் கண்டு நடுங்குற பிரமிடுல ரெண்டு ராத்திரி மாட்டிக்கிட்டேன். 'ஸ்வாலோ' (விழுங்கு) பட்டனைக்கூட கண்ணுல பட்ட எல்லாத்து மேலயும் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தைத் தொடல.

சேலத்து_மவுஸ்: முதல்ல "உதவி"ன்னா என்னன்னு பேசி முடிவு பண்ணுங்களேன்.

கிளிக்வேந்தன்: பேச என்ன இருக்கு? பாரோமீட்டர் இறங்குதா இல்லையா?

இரவுப்பூனை: இறங்கினா நல்லது செஞ்சு ஏத்திக்கலாம். இது உங்களுக்கு கேம் மேல இருக்கிற அக்கறை இல்ல. 'சானிடேரியம்' கேம் வந்தது 1998-லன்னு அன்னிக்கு உங்களைத் திருத்தினேனே, அந்தக் கடுப்பு.

பழைய_டிஸ்க்: நீங்க ரெண்டு பேரும் கொடுத்து வெச்சவங்க. எனக்குக் கிடைச்சது ஜெர்மன் பதிப்பு. நாஜி முகாம்ல நடக்குதுன்னு நிம்டாக் அத்தியாயத்தையே தூக்கிட்டாங்க. அஞ்சு பேர் கதையில ஒருத்தரைக் காணோம்.

சேலத்து_மவுஸ்: அங்க சட்டம் அப்படி.

பழைய_டிஸ்க்: என்ன சட்டம்? தான் செஞ்ச கொடுமையை நிம்டாக் நேருக்கு நேர் பார்க்கிற கதை அது. அதை மறைச்சு யாருக்கு என்ன லாபம்? பிரெஞ்சுலயும் இதே வெட்டுதான்.

இரவுப்பூனை: உண்மை. அந்த அத்தியாயம்தான் என்னை உலுக்குச்சு. ஏ.எம் கம்ப்யூட்டருக்குக் கதாசிரியர் எல்லிசனே குரல் கொடுத்திருக்கார். 109 வருஷ வெறுப்பும் அந்தக் குரல்ல இருக்கு. ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டேன்.

கிளிக்வேந்தன்: நிம்டாக் அத்தியாயத்துலயும் புத்தகத்தைத் திறந்தீங்களா?

இரவுப்பூனை: ஒரே ஒரு தடவை.

கிளிக்வேந்தன்: பாருங்க! மத்த நாலு பேருக்கு எத்தனை தடவை?

இரவுப்பூனை: உங்களுக்குக் கணக்கு ஒப்பிக்க நான் வரல.

கிளிக்வேந்தன்: ஒப்பிக்க வேணாம். "உதவியே இல்லாம"ங்கிற வார்த்தையை மட்டும் அந்தப் பதிவுல இருந்து எடுங்க.

இரவுப்பூனை: எடுக்க மாட்டேன்.